முதியவர்களுக்கு இரத்தக் குழாயின் உள்ளே படம் பார்த்து ஸ்டென்ட் வைப்பது: கடலூர், புதுவைக் குடும்பங்களுக்கான கேள்வி பதில்

ஆஞ்சியோகிராமிலேயே அடைப்பு தெரிந்துவிட்டது. பிறகு எதற்காக உள்ளே இன்னொரு கருவியை அனுப்பிப் பார்க்க வேண்டும்?

ஆஞ்சியோகிராமில் தெரிவது, இதயத் தமனிகளுக்குள் செலுத்தப்பட்ட சாய மருந்தின் எக்ஸ்ரே நிழல். குழாயின் சுவர் அந்தப் படத்தில் தெரிவதில்லை. தென்பெண்ணையாற்றுப் பாலத்தில் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் எவ்வளவு அகலத்துக்கு ஓடுகிறது என்று தெரியும். கரையோரம் எவ்வளவு மணல் மேடிட்டிருக்கிறது, அடியில் இருப்பது சேறா பாறையா என்று தெரியாது. ஆஞ்சியோகிராமும் அப்படித்தான். ஓட்டம் எங்கே குறுகியிருக்கிறது என்பதை அது நன்றாகவே காட்டும். அந்தக் குறுகலுக்குக் காரணம் கொழுப்பா, நார்த்திசுவா, சுண்ணாம்பா, குழாயின் உண்மையான விட்டம் எத்தனை மில்லிமீட்டர், நல்ல சுவர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்விகளுக்கு அதைக்கொண்டு ஊகிக்கத்தான் முடியும்.

இதயத் தமனிகள் பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ. விட்டத்துக்குள் அடங்கிவிடுபவை என்பதால் இந்த ஊகத்தில் ஏற்படும் சிறு பிசகும் பெரிதாகிவிடுகிறது. அடைப்பை விரித்துத் தாங்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் 3 மி.மீ. விரிய வேண்டிய இடத்தில் 2.5 மி.மீ. மட்டுமே விரிந்தால், விட்டத்தில் குறைவது அரை மில்லிமீட்டர்தான். ஆனால் இரத்தம் செல்லும் பரப்பு சுமார் 7.1 சதுர மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 4.9 சதுர மி.மீ. ஆகிவிடும், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எக்ஸ்ரே திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சரியாக விரியாத ஸ்டென்டில்தான் பின்னாளில் மீண்டும் அடைப்பு வருவதும் இரத்தம் உறைந்து கட்டியாவதும் அதிகம்.

ஐவஸ், ஓ.சி.டி. என்று மருத்துவர் சொன்னார். அவை என்ன? முதியவர் தாங்குவாரா?

இரண்டும் குழாயின் உள்ளிருந்து படமெடுக்கும் முறைகள். ஐவஸ் என்பது மிக நுண்ணிய ஸ்கேன் கருவியைத் தாங்கிய கதீட்டர், அதாவது மெல்லிய குழாய். வயிற்று ஸ்கேனில் பயன்படும் அதே வகை ஒலியலைதான், அதிர்வெண் மட்டும் மிக அதிகம். ஓ.சி.டி. ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. ஸ்டென்டையும் பலூனையும் உள்ளே கொண்டுசெல்லும் மெல்லிய கம்பியின் மீதே இந்தக் கதீட்டரும் செல்கிறது. ஆகவே அதற்கென்று தனியாக ஒரு துளை போட வேண்டியதில்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தால் இதுவும் அதே வழியில்தான் போகும்.

நோயாளி மேசையில் விழித்தபடியே படுத்திருப்பார். கதீட்டர் அடைப்பைத் தாண்டிச் சென்று, பின் மெதுவாக இழுக்கப்படும்போது குழாயின் குறுக்குவெட்டுப் படங்கள் வரிசையாகத் திரையில் வரும். ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு ஓ.சி.டி.யில் சில நொடிகளும், ஐவஸில் ஓரிரு நிமிடங்களும் போதும். அந்த நேரத்தில் சிலருக்கு இலேசான நெஞ்சுப் பாரம் தோன்றலாம். பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. பொதுவாக ஸ்டென்ட் வைப்பதற்கு முன் ஒருமுறையும், வைத்தபின் ஒருமுறையும் பார்ப்பார்கள். முன்னால் பார்ப்பது திட்டமிடுவதற்கு, பின்னால் பார்ப்பது சரிபார்ப்பதற்கு. ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்ற நிலை வந்தால்கூட, கடைசிப் படத்தை எடுக்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டில் எது சிறந்தது?

தெளிவில் ஓ.சி.டி. முந்தும். 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுணுக்கங்களை அது பிரித்துக் காட்டும். ஐவஸின் திறன் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஓ.சி.டி.யின் ஒளி சுவருக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் ஊடுருவும். ஐவஸ் அதைவிட ஆழமாகப் பார்க்கும். மேலும் இரத்தம் ஒளியை மறைத்துவிடும் என்பதால், ஓ.சி.டி. எடுக்கும் ஒவ்வொரு முறையும் குழாயிலிருந்து இரத்தத்தைத் தள்ளிவிடச் சாய மருந்தைப் பாய்ச்ச வேண்டும். ஐவஸுக்கு அது தேவையில்லை.

தென்கொரியாவில் 2,008 நோயாளிகளிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆக்டிவஸ் ஆய்வில் (2023) ஓராண்டு விளைவுகளில் ஓ.சி.டி. ஐவஸுக்குப் பின்தங்கிவிடவில்லை என்று தெரிந்தது. ஆகவே பொதுவாக, அந்த மருத்துவக் குழு எதில் தேர்ந்ததோ அதுவே நல்லது. இடது பிரதான தமனியின் தொடக்கத்தில் அடைப்பு இருந்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ ஐவஸ் பக்கம் சாய்வார்கள். முதியவர்களில் இந்த இரண்டாவது காரணம் அடிக்கடி குறுக்கே வரும்.

வயதானவர்களுக்கு இது ஏன் தனியாகப் பேசப்படுகிறது? ஸ்டென்ட் எல்லோருக்கும் ஒன்றுதானே?

ஸ்டென்ட் ஒன்றுதான், குழாய் ஒன்றல்ல. எழுபது வயதைத் தாண்டியவரின் இதயத் தமனிகளில், அதுவும் நீண்ட காலச் சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ இருந்தால், கால்சியம் படிந்து சுவர் கெட்டிப்பட்டிருக்கும். அடைப்பு நீளமாகவும், பல குழாய்களிலும், கிளை பிரியும் இடங்களிலும் இருக்கும். குழாய்களும் வளைந்து நெளிந்து போயிருக்கும். கால்சியத்தின் அளவை ஆஞ்சியோகிராம் குறைத்தே காட்டும். அதன் கனத்தையோ, குழாயைச் சுற்றி எத்தனை பாகை வளைத்திருக்கிறது என்பதையோ அதில் அளக்க முடியாது.

கால்சிய வளையம் கெட்டியாக இருக்கும் இடத்தில் நேரடியாக ஸ்டென்டை வைத்துப் பலூனை ஊதினால், ஸ்டென்ட் முழுமையாக விரியாது. வைத்துவிட்ட ஸ்டென்டைத் திரும்ப எடுப்பது நடைமுறையில் இயலாது. அதிக அழுத்தத்தில் ஊதினால் குழாய் கிழியும் அபாயமும் உண்டு. இதனால்தான் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே பார்ப்பது முதியவர்களிடம் இவ்வளவு பயன் தருகிறது. ஓ.சி.டி.யில் கால்சியம் 180 பாகைக்கு மேல் வளைத்திருக்கிறதா, 0.5 மி.மீ.க்கு மேல் கனமாக இருக்கிறதா, 5 மி.மீ.க்கு மேல் நீள்கிறதா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்டென்ட் போதிய அளவு விரியாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால், கால்சியத்தை முதலில் உடைப்பார்கள்.

உடைப்பதற்கு வழிகள் பல. வைரத்துகள் பதித்த சிறு முனையை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று அளவில் சுழற்றி அரைப்பது ரோட்டா எனப்படும் ரோட்டப்லேஷன். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பதைப் போன்ற நுட்பத்தைப் பலூனுக்குள் அடக்கியது லித்தோட்ரிப்ஸி. கத்தி முனைகள் பொருத்திய பலூன்களும் உண்டு. கால்சியம் குழாயின் உட்பரப்பிலேயே இருக்கிறதா, சுவரின் ஆழத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கருவி மாறும். உடைத்தபின் கால்சிய வளையத்தில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்து, விழுந்திருந்தால் ஸ்டென்டை வைப்பார்கள்.

ஸ்டென்ட் சரியாக விரிந்ததா என்பதை எப்படி முடிவு செய்வார்கள்?

எண்ணால். ஸ்டென்டுக்குள் மிகக் குறுகலான இடத்தின் பரப்பை அளந்து, அருகிலுள்ள நல்ல குழாயின் சராசரிப் பரப்பில் அது 80 விழுக்காட்டையாவது எட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இடது பிரதான தமனி அல்லாத குழாய்களில் ஐவஸில் 5.5 சதுர மி.மீ.க்கும், ஓ.சி.டி.யில் 4.5 சதுர மி.மீ.க்கும் மேல் இருப்பது நல்லது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதைத் தவிர, ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, அதன் இரு ஓரங்களிலும் கிழிசல் உண்டா, ஓரம் கொழுப்புப் படிவின் நடுவே போய் முடிந்துவிட்டதா என்பதையும் பார்ப்பார்கள். குறை தென்பட்டால் பெரிய பலூனால் மீண்டும் விரிப்பார்கள் அல்லது இன்னொரு சிறிய ஸ்டென்டைச் சேர்ப்பார்கள். இந்தத் திருத்தம்தான் பயனைத் தருகிறது. படத்தை எடுத்துவிட்டு அதன்படி எதையும் மாற்றாமல் வெளியே வந்தால், நோயாளிக்குக் கிடைத்தது கூடுதல் பில் மட்டுமே.

இதனால் உயிர் காக்கப்படுகிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. 2018-இல் வெளிவந்த அல்டிமேட் ஆய்வில் 1,448 நோயாளிகளில் ஓராண்டுக்குள் அந்தக் குழாயில் மறுபடி சிக்கல் வந்தவர்கள், ஐவஸ் பார்த்து வைத்தவர்களில் 2.9 விழுக்காடு, ஆஞ்சியோ மட்டும் பார்த்து வைத்தவர்களில் 5.4 விழுக்காடு. சிக்கலான அடைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்ட ரினோவேட் காம்ப்ளக்ஸ் ஆய்வில் (தென்கொரியா, 2023, 1,639 பேர்) இடைநிலையாகச் சுமார் இரண்டாண்டுக் கண்காணிப்பில் இது 7.7-க்கு 12.3 என்று இருந்தது. மாரடைப்பு, அதற்கு முந்திய நிலை ஆகியவற்றோடு வந்த 3,505 பேரிடம் நடந்த ஐவஸ் ஏ.சி.எஸ். ஆய்வில் (2024) ஓராண்டில் 4.0-க்கு 7.3. அதே 2024-இல் லான்செட் இதழில் 22 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த பகுப்பாய்வு ஒன்று, உள்ளே படம் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இதய நோயால் ஏற்படும் இறப்பு 45 விழுக்காடும், ஸ்டென்டில் இரத்தம் உறைவது 48 விழுக்காடும் குறைந்திருப்பதைக் காட்டியது.

45 விழுக்காடு என்பது ஒப்பீட்டு அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. அல்டிமேட் ஆய்வின் கணக்கை எடுத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு இப்படிச் செய்தால் ஓராண்டில் ஏறத்தாழ 25 பேர் ஒரு பெரிய சிக்கலிலிருந்து தப்புகிறார்கள். இது சிறிய எண்ணிக்கை அன்று. ஆனால் ‘இது இல்லாவிட்டால் ஆபத்து’ என்று குடும்பத்தைப் பயமுறுத்தும் அளவுக்குப் பெரியதும் அன்று. எல்லா ஆய்வுகளும் வெற்றி பெற்றுவிடவும் இல்லை. 2,487 பேரிடம் நடந்த இலூமியன் 4 ஆய்வில் (2023) ஓ.சி.டி. பார்த்து வைத்த ஸ்டென்ட் நன்றாக விரிந்திருந்தது, உறைவும் குறைந்திருந்தது. ஆயினும் இரண்டாண்டுகளில் ஒட்டுமொத்தச் சிக்கல்கள் 7.4-க்கு 8.2 விழுக்காடு என்றே இருந்தன; அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று.

முதியவர்களைப் பொறுத்தவரை இன்னொரு குறையும் உண்டு. ரினோவேட் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் சராசரி வயது 65-ஐ ஒட்டியது. எண்பதைத் தாண்டி, தடி ஊன்றி நடந்து, மூன்று நான்கு நோய்களோடு வாழ்பவர்கள் இத்தகைய ஆய்வுகளுக்குள் குறைவாகவே வருகிறார்கள். அவர்களுக்கும் பயன் இருக்கும் என்று கருதுவதற்கு நல்ல காரணம் உண்டு: எந்த வகை அடைப்புகளில் பயன் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவோ, அந்த வகை அடைப்புகள்தாம் அவர்களிடம் அதிகம்.

அப்படியானால் ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடது பிரதான தமனி, கிளை பிரியுமிடம், நீளமான அடைப்பு போன்ற சிக்கலான இடங்களுக்கு இதை முதல் தரப் பரிந்துரையாக உயர்த்தியது. 2025-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் மாரடைப்பு நோயாளிகளில் இடது பிரதான தமனிக்கும் சிக்கலான அடைப்புகளுக்கும் அதையே சொல்கிறது. ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட் ஏன் அடைத்தது என்று கண்டறியவும் இதைவிட நல்ல வழி இல்லை. மாறாக, நேரான, பெரிய குழாயில், கால்சியம் இல்லாத குட்டையான அடைப்பு ஒன்று மட்டும் என்றால், இது இல்லாமல் வைத்த ஸ்டென்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

அப்பாவுக்கு 82 வயது. ஸ்டென்டே தேவையா என்று தயங்குகிறோம்.

தயக்கம் நியாயமானது. இதற்கான விடை உள்ளே எடுக்கும் படத்தில் இல்லை. ஐவஸும் ஓ.சி.டி.யும் ஸ்டென்டை எப்படி வைப்பது என்பதற்கே முதன்மையாக உதவுகின்றன. வைக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

முழு மாரடைப்பு, அதாவது இ.சி.ஜி.யில் உடனே தெரியும் வகை, வந்திருந்தால் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். அடைத்த குழாயை உடனே திறப்பதுதான் சிகிச்சை. இ.சி.ஜி.யில் அப்படி மாறாமல், இரத்தப் பரிசோதனையில் மட்டும் உறுதியாகும் மாரடைப்பில் நிலைமை வேறு. பிரிட்டனில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,518 பேரிடம் நடந்த சீனியர் ரீட்டா ஆய்வில் (2024), ஆஞ்சியோ செய்து சிகிச்சை பெற்றவர்களுக்கும் மருந்தை மட்டும் முதலில் பெற்றவர்களுக்கும் இதய இறப்போ மாரடைப்போ நேர்வதில் சுமார் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை (25.6-க்கு 26.3 விழுக்காடு). மறு மாரடைப்பு மட்டும் ஆஞ்சியோ செய்தவர்களில் சற்றுக் குறைவாக இருந்தது. நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கும், மாரடைப்பு வந்ததில்லை என்ற நிலையில், 2020-இல் வந்த இஸ்கீமியா ஆய்வு, ஸ்டென்டோ பைபாஸோ ஆயுளை நீட்டுவதாகக் காட்டவில்லை. வலியைக் குறைப்பதாகக் காட்டியது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஃபயர் ஆய்வையும் (2023) சொல்லியாக வேண்டும். மாரடைப்போடு பல குழாய்களில் அடைப்பும் இருந்த, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 1,445 பேரில், மாரடைப்புக்குக் காரணமான குழாயோடு நிறுத்தாமல், மற்ற குழாய்களிலும் ஓட்டம் உண்மையில் குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துச் சரிசெய்தவர்கள், ஓராண்டில் நன்றாக இருந்தார்கள் (பெரிய சிக்கல் வந்தவர்கள் 15.7-க்கு 21.0 விழுக்காடு). வயது என்ற ஒரே எண்ணை வைத்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது என்பதையே இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அப்பா தானாகக் குளித்து, சாப்பிட்டு, தெருமுனை வரை போய்வருகிறாரா, நினைவாற்றல் எப்படி, எதனால் அவர் நாள் கெடுகிறது என்ற செய்திகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் விருப்பத்தை அவரிடமே கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கூடி முடிவெடுத்துவிட்டு, அவரிடம் கடைசியில் தெரிவிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் அதிகம்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.8 என்று வந்திருக்கிறது. சாய மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ?

கவலைக்கு இடம் உண்டு. 1.8 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறனைக் கேளுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்று அறிக்கையில் இருக்கும். கிரியாட்டினின் அதே 1.8 இருந்தாலும், 80 வயது ஆணுக்கு அது சுமார் 37, 80 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 28. மெலிந்த மூதாட்டியின் அறிக்கையில் கிரியாட்டினின் சாதாரணமாகத் தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு.

சாய மருந்தை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்களோ அவ்வளவு நல்லது. மி.லி. கணக்கில் அது அந்த இ.ஜி.எஃப்.ஆர். எண்ணின் மூன்று மடங்கைத் தாண்டாமல் இருக்க முயல்வார்கள். ஐவஸ் இங்கே இருமடங்கு பயன் தருகிறது. அளவுகளைச் சாய மருந்து இல்லாமலே எடுத்துவிடலாம். மோசார்ட் என்ற சிறிய ஆய்வில் (2014), ஆஞ்சியோவைக் கொண்டு செய்தவர்களுக்கு இடைநிலை அளவாக 64.5 மி.லி. தேவைப்பட்ட இடத்தில், ஐவஸ் கொண்டு செய்தவர்களுக்கு 20 மி.லி. போதுமானதாக இருந்தது. எனவே சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு ஐவஸ் கேட்பது ஆடம்பரம் ஆகாது. மூட்டு வலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். இதயம் பலவீனமானவருக்குத் தண்ணீரை நீங்களாக அதிகம் கொடுத்துவிட வேண்டாம். எக்கோ என்ற இதய ஸ்கேனைப் பார்த்து மருத்துவரே அளவு சொல்வார்.

படம் பார்ப்பதிலேயே ஆபத்து உண்டா?

குறைவு. குழாய் தற்காலிகமாகச் சுருங்குவது அதிகம் காணப்படுவது. நைட்ரோகிளிசரின் கொடுத்தால் சரியாகிவிடும். கிழிசலோ அடைப்போ ஏற்படுவது அரிது. சிகிச்சை நேரம் சற்றுக் கூடும்; முதுகு வலியோடு நெடுநேரம் படுக்க முடியாதவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

செலவு எவ்வளவு கூடும்? காப்பீட்டில் வருமா?

ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு உண்டு. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ரூ.29,600 என்று வரையறுத்தது. அதன் பிறகு அத்தொகை அவ்வப்போது திருத்தப்படுகிறது. அந்த உச்சவரம்பு ஸ்டென்டுக்கானது. ஒருமுறை பயன்படுத்தும் ஐவஸ் அல்லது ஓ.சி.டி. கதீட்டர் அதற்குள் வராது. அதன் விலை ஸ்டென்டின் விலையை ஒட்டியோ தாண்டியோ இருப்பது சாதாரணம். ரோட்டா, லித்தோட்ரிப்ஸி தேவைப்பட்டால் தனி. ஆகவே மதிப்பீட்டுத் தாளில் கதீட்டரும் கால்சியம் உடைக்கும் கருவியும் தனித்தனியாகக் காட்டப்பட வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடலூர் மாவட்டத்தவருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், புதுச்சேரியில் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் உள்ளன. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் ஆயுஷ்மான் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும், தொகுப்புக் கட்டணத்துக்குள் இமேஜிங் கதீட்டர் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், சேர்வதற்கு முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. எல்லை தாண்டிச் செல்பவர்கள், உதாரணமாக நெல்லிக்குப்பத்திலிருந்து புதுவைக்கு வருபவர்கள், இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

‘வெளிநாட்டு ஸ்டென்டே வையுங்கள்’ என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கேட்கத்தக்க முதல் கேள்வி அதுவன்று. குடும்பங்கள் நிறுவனத்தின் பெயரிலும் நாட்டின் பெயரிலும் மணிக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். அந்த ஸ்டென்ட் எவ்வளவு விரிந்தது என்று கேட்பவர் அரிது. இன்றைய நல்ல மருந்து பூசிய ஸ்டென்டுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, நன்றாக விரிந்த ஸ்டென்டுக்கும் அரைகுறையாக விரிந்த ஸ்டென்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதியவருக்கு அதிக முக்கியம் என்பது என் கருத்து. கையில் உள்ள பணத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நீளமான அல்லது சுண்ணாம்பு படிந்த அடைப்புள்ள முதியவருக்கு, விலை கூடிய ஸ்டென்டைவிட உள்ளே படம் பார்ப்பதற்கு அந்தப் பணத்தை ஒதுக்குவேன்.

நள்ளிரவில் மாரடைப்பு வந்தால், இந்த வசதி இருக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டுமா?

வேண்டாம். அந்த நேரத்தில் எண்ண வேண்டியது நிமிடங்களை. 108-ஐ அழையுங்கள். கடலூர் நகரிலிருந்து புதுவை இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், வேப்பூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொலைவு அப்படியில்லை. முதலில் அருகிலுள்ள இடத்தில் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் அளவை அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் கூடமான கேத் லேபை இரண்டு மணி நேரத்துக்குள் அடைய முடியாத தொலைவு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவது முறையான சிகிச்சையே. ‘ஊசியோடு ஏமாற்றிவிட்டார்கள்’ என்று சிலர் நினைப்பது தவறு.

முதியவர்களிடம், அதிலும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம், நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வியர்வை, வாந்தி, திடீர்த் தளர்ச்சி, குழப்பம் என்று மாரடைப்பு வரலாம். வாயு என்று சோடா கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை எத்தனை காலம் சாப்பிட வேண்டும்?

ஆஸ்பிரினோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். மாரடைப்போடு வந்தவருக்கு ஓராண்டும், மாரடைப்பில்லாமல் வைத்தவருக்கு ஆறு மாதமும் பொதுவான அளவு. முதியவர்களிடம் இரத்தக் கசிவு பெரிய பகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ், மோசமான சிறுநீரக நோய், இதயத் துடிப்புக் கோளாறுக்காக ஏற்கெனவே இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது போன்றவை இருந்தால் ஒன்று முதல் மூன்று மாதத்தில் ஒரு மருந்தாகக் குறைப்பார்கள். ஸ்டென்ட் நன்றாக விரிந்திருப்பதைப் படத்தில் கண்ட மருத்துவருக்கு அந்த முடிவெடுப்பதில் சற்று மன உறுதி கூடும். இந்த வகை மருந்துகளில் ஒன்றான பிரசுகிரல் 75 வயதுக்கு மேல் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போதும், கண்புரை அறுவைக்குப் போகும்போதும் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் ஸ்டென்ட் அடைத்து வருபவர்கள் உண்டு. பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் இதய மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். மலம் கறுத்து வந்தால் அன்றே காட்ட வேண்டும்.

ஸ்டென்ட் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

எடுக்கலாம். ஸ்டென்ட் அட்டையைக் காட்டினால் போதும்.

வீட்டுக்கு வரும்போது எந்தத் தாள்களை வாங்கிவர வேண்டும்?

டிஸ்சார்ஜ் தாள், ஸ்டென்டின் நிறுவனம், அளவு, வரிசை எண் உள்ள ஒட்டுச்சீட்டு, ஆஞ்சியோ படங்கள் உள்ள சி.டி. ஆகியவற்றோடு, ஐவஸ் அல்லது ஓ.சி.டி. எடுத்திருந்தால் அந்தப் பதிவையும் கேளுங்கள். எந்தக் குழாயில், எந்த அளவு ஸ்டென்ட், முன்னும் பின்னும் குறைந்தபட்சப் பரப்பு எவ்வளவு, கால்சியம் உடைக்கப்பட்டதா, சாய மருந்து எத்தனை மி.லி. என்ற ஐந்தையும் டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதித் தரச் சொல்லலாம். பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்கமாட்டார்கள். சி.டி. ஈரத்தில் கெட்டுப்போகும், ஒரு நகலைப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு வாரத்துக்குள் கிரியாட்டினின் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தால் அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். கடலூரிலேயே எடுத்து, அறிக்கையை மட்டும் புதுவைக்கு அனுப்பினாலும் போதுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.